கூர் உட்காரும் இடம்

கத்திக்கு உறை தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எடுத்தவுடன் தோலைப் பற்றிக் கேட்கிறார்கள். எந்தத் தோல், எவ்வளவு கனம், எங்கே கிடைக்கும். அடுத்தது தையல். எந்த நூல், எந்த ஊசி, துளைக்குத் துளை எவ்வளவு இடைவெளி. எல்லாம் வேண்டிய கேள்விகள்தான். பதிலும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இத்தனை வருஷம் தோலோடு பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓர் உறை பத்து வருஷம் நிற்குமா, ஆறு மாதத்தில் பிளக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒரே கேள்வி: கத்தியைச் செருகியபின் அதன் கூர் எதன்மேல் உட்காருகிறது? மடித்த தோலின்மேல் உட்கார்ந்தால் தோல் அறும். நூலின்மேல் உட்கார்ந்தால் நூல் அறும். இரண்டையும் எட்டவிடாமல் இன்னொன்று குறுக்கே நின்று தாங்கினால் உறை பிழைக்கும். தோலைத் தேர்ந்தெடுப்பது, அளவெடுப்பது, தைப்பது, நனைத்து வடிவம் பிடிப்பது என்று பின்னால் வருகிற ஒவ்வொரு வேலையும் இந்தக் கேள்விக்கான பதிலோடு சேர்ந்ததுதான். இதைப் பிடித்துக்கொண்டவர் வீட்டு மேசையில் நாலைந்து கருவிகளை வைத்துச் செய்யும் உறை, கடையில் இயந்திரத்தில் தைத்து அடுக்கியிருக்கும் உறையைவிட நன்றாகவே இருக்கும் என்பது என் கட்சி.

கத்தியோடு வாழ்ந்த சமூகங்கள் இந்தக் கேள்விக்கு அவரவர் வழியில் பதில் கண்டிருக்கின்றன. நேபாளத்துக் குக்ரியின் உறையைப் பார்க்கிறவர்கள் அதை முழுத் தோல் என்றே நினைப்பார்கள். உள்ளே இருப்பது மரம். இரண்டு மரப் பலகைகளை அலகின் வளைவுக்குத் தக்கபடி குடைந்து பொருத்தி, அதன்மேல் எருமைத் தோலை இழுத்துத் தைத்திருப்பார்கள். கூரைத் தாங்குவது மரம். மரத்தைக் கட்டிப் பிடிப்பது தோல். பின்லாந்துக்காரர்களின் பூக்கோ கத்திக்குத் தைக்கும் உறையில் தையல் பின்பக்கத்தின் நடுவே ஓடும். கூர் பக்கவாட்டு மடிப்பை நோக்கி இருப்பதால் அந்த மடிப்பு அறுந்துபோகாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய மரக்கூட்டை வைப்பார்கள். ஜப்பானிய வாளுறை மக்னோலியா இனத்து மரத்தில் இரண்டு பாதியாகக் குடைந்து சோற்றுப் பசையால் ஒட்டியது. தேவைப்பட்டால் பிளந்து உட்புறத்தைச் சுத்தம் செய்யலாம். நம் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளுக்கென்று அருவாப்பெட்டி என்று தனியாக ஒன்றையே இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். குடகர்கள் ஒடிக்கத்திக்கு உறையே வேண்டாம் என்று முடிவு செய்து, இடுப்புப் பட்டையின் பின்னால் ஒரு பித்தளைப் பிடிப்பில் அதை மாட்டிக்கொண்டார்கள். இத்தனை பேர் இத்தனை விதமாகச் செய்திருந்தும் ஒன்றில் மட்டும் எல்லாருக்கும் ஒரே எண்ணம்: கூர்மையான விளிம்பைத் தையலோடு மோதவிடக் கூடாது.

மரம் இல்லாமல் தோலை மட்டும் வைத்து உறை செய்வதென்றால் மரத்தின் வேலையையும் தோலே பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் இரண்டு தோலுக்கும் நடுவே, கூர் வரும் பக்கம் முழுக்க, ஒரு வாரை வைத்துத் தைக்கிறோம். தொழிலில் வெல்ட் என்பார்கள். நடுவார் என்று சொன்னால் போதும். ஒரு நல்ல உறையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் சங்கதி விளங்கிவிடும். மேலே தோல் மடிந்திருக்கிறது. அந்த மடிப்புக்குள் கத்தியின் முதுகு. அங்கிருந்து இரண்டு சுவர்கள் கீழே இறங்குகின்றன. அடியில் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே பத்து மில்லிமீட்டர் அகலத்துக்கு நடுவார் புகுந்திருக்கிறது. கத்தியின் கூர் அந்த வாரின் வெட்டு விளிம்பின்மேல் வந்து நிற்கிறது. நூல் அதற்கும் கீழே, ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது. கத்தி நூலைத் தொட வேண்டுமென்றால் அத்தனை நாரையும் அறுத்துக்கொண்டு போக வேண்டும். தினமும் செருகி உருவுகிற கத்தி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அறுக்கத்தான் செய்யும். அந்தக் காயத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தை நாமே முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நடுவாராக மிச்சத் தோலில் ஏதோ ஒரு துண்டை வெட்டிச் செருகுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. அதன் கனம் கத்தியின் முதுகுக் கனத்தை ஒட்டி இருக்க வேண்டும். மெலிந்து போனால் சுவர்கள் இரண்டும் அலகைச் சுற்றிப் புடைத்து, தையலை வாய்பிளக்க இழுக்கும். அதிகமானால் கத்தி உள்ளே கலகலவென்று ஆடும். ஆடுகிற கத்தி ஓரிடத்தில் உட்காராது, போகிற வழியெல்லாம் அறுக்கும். இன்னொன்று, உறையின் வாய்ப்பகுதி. கத்தி அதிகமாக அறுப்பது அங்கேதான், உள்ளே முழுக்கப் போனபின் கிடக்கும் இடத்தில் அல்ல. அவசரத்தில் செருகும்போது முனை முதலில் மோதுவதும் அங்கேதான். ஆகவே வாயருகே நடுவாரை மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடுதல் அகலமாக விட்டு, கத்தியின் அடிப்பகுதி புகும் அளவுக்குச் சரிவாகச் சீவிவிட வேண்டும். அந்த இடத்தில் ஒரு பித்தளை ரிவெட்டும் போட்டுவிட்டால் தையலின் தலைப்புக்குக் காவல் கிடைக்கும். ரிவெட் உறைக்கு அழகு சேர்க்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதற்காக அங்கே போடவில்லை.

இனி அளவு. பத்து சென்டிமீட்டர் நீள அலகு, இரண்டரை சென்டிமீட்டர் அகலம், முதுகு மூன்று மில்லிமீட்டர், தோலும் மூன்று மில்லிமீட்டர் என்று ஒரு கத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கச் சுவருக்கு அலகின் அகலம் 25, விலகலுக்கு 3, நடுவாருக்கு 10, ஆக 38 மில்லிமீட்டர். இரண்டு பக்கத்துக்கு 76. முதுகுக்கு 3, தோல் மடியும்போது வெளிப்பக்கம் கூடுதலாகக் கேட்கும் நீளத்துக்கு ஓர் 5. மொத்தம் 84. கடைசியில் சொன்ன அந்த 5 மில்லிமீட்டரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். காகிதத்தில் மாதிரி வெட்டிப் பார்க்கும்போது அது தேவைப்படாது, ஏனென்றால் காகிதத்துக்குக் கனம் இல்லை. காகிதத்தில் கச்சிதமாக இருந்த உறை தோலில் கத்தியை உள்ளே விடாததற்கு இதுதான் காரணம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை இரண்டு மூன்றாக ஒட்டி அதில் மாதிரி வெட்டுங்கள். கிட்டத்தட்ட உண்மை சொல்லும். நீளத்துக்கு அலகின் 100, முனைக்குக் கீழே 10, அதோடு பிடியில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகும்படி 35. பிடியை இப்படிக் கவ்விக்கொண்டால் பட்டன் வார் இல்லாமலே கத்தி நிற்கும். அரைக்கச்சையில் மாட்டும் வளையத்தைத் தனியாகத் தைப்பதானால், உறையை மூடுவதற்கு முன்னால் அதைத் தைத்துவிட வேண்டும். மூடிய உறைக்குள் ஊசியைக் கொண்டுபோக வழி கிடையாது.

தோலுக்கு வருகிறேன். உறைக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல். கடைக்காரர்கள் வெஜிடபிள் டேன் என்பார்கள். இதற்கு எதிரே நிற்பது குரோமியம் உப்பில் பதனிட்ட தோல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் ஊர் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் முடித்து, புங்க எண்ணெய் தடவிய தென்னிந்தியத் தோல் ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரோடு லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஆவாரைக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை வந்தது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் குரோம் பதனீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் அந்த முறையைச் சோதித்துப் பார்த்தார். கவலை இறைக்கும் சால்களுக்குத் தண்ணீரில் அழுகாத தோல் வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். குரோம் லெதர் கம்பெனி இருந்த இடம் குரோம்பேட்டை ஆனது. மரப்பட்டையில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டிய தோல் குரோமில் ஓரிரு நாளில் தயாராகிவிடும். அந்த வேகத்துக்கு முன்னால் பட்டையும் கடுக்காயும் ஒதுங்கின. இன்று பெரியமேட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் காட்டப்படுவது பெரும்பாலும் செருப்பு, பை, ஜாக்கெட்டுக்கான குரோம் தோல்தான். உறைக்கானதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. என் காலத்தில் பார்த்த மாற்றங்களில் பெரியது இதுதான்.

குரோம் தோல் மலிவு, மிருதுவானது, எந்த நிறத்திலும் கிடைக்கிறது, அதில் செய்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் மறுபடியும் கூர் உட்காரும் இடத்திலேயே இருக்கிறது. நடுவாரும் தையலும் கூரைக் காக்க வேண்டுமானால் கத்தி ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அதற்கு உறை விறைப்பாக இருக்க வேண்டும். கத்தியின் உருவத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். மரப்பட்டைத் தோலை நனைத்து அழுத்தினால் காய்ந்தபின் அந்த வடிவத்திலேயே நிற்கும். குரோம் தோல் ஈரத்தில் எவ்வளவு அழுத்தினாலும் காய்ந்ததும் பழைய நிலைக்கே திரும்பும். பைக்கு அது நல்ல குணம். உறைக்கு அதுவே கேடு, ஏனென்றால் தளர்ந்த சுவருக்குள் கத்தி சாய்ந்து, முனை பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தொடையோடு உரசிக்கொண்டு தொங்குகிற சாமானில் இந்த விபரீதத்துக்கு இடம் தரக் கூடாது. குரோம் தோல்தான் கையில் இருக்கிறது என்றால் உள்ளே ஒரு மரக்கூடு செய்து வையுங்கள். குக்ரிக்காரர்கள் காட்டிய வழி அது. அப்போது மேலே எந்தத் தோலும் ஆகும்.

எது எந்தத் தோல் என்று கண்டுபிடிக்கக் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். குரோமாக இருந்தால் நடுவில் நீலச் சாம்பல் நிறக் கோடு தெரியும். ஒரு சிறு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். மரப்பட்டைத் தோல் சுருண்டு குறுகிப் போகும், நல்ல குரோம் தோல் அப்படியே கிடக்கும். மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிரியமானது. துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் ஒரு வாரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டுத் தோலின்மேல் விடுங்கள். மரப்பட்டைத் தோல் கண்ணெதிரே கறுக்கும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறுப்பு அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு இழுக்கிறவர்களுக்கும் கைவந்த அதே ரசாயனம். இதே காரணத்தால்தான் ஈரத்தோலின்மேல் இரும்புக் கத்தரிக்கோலையோ இடுக்கியையோ வைத்துவிட்டுப் போனால் கறுப்புத் தழும்பு விழுகிறது. பட்டவுடன் எலுமிச்சைச் சாறு தடவினால் கொஞ்சம் வெளுக்கும்.

தோலில் எந்தப் பகுதி என்பதும் முக்கியம். முதுகுத்தண்டை ஒட்டிய பகுதி இறுக்கமாக இருக்கும், தோள்பகுதி அதற்கடுத்தது. வயிற்றுப் பகுதி இழுத்த பக்கமெல்லாம் இழுபடும். மலிவாகத் தருகிறார்கள் என்று வயிற்றுப் பகுதியை வாங்கிச் செய்த உறை, ஒரு மழைக்காலம் தாண்டினால் கத்திக்கு இரண்டு அளவு பெரிதாகியிருக்கும். மூன்று மில்லிமீட்டர் தோல் கிடைக்கவில்லை என்றால் ஒன்றரை மில்லிமீட்டரில் இரண்டு ஏடுகளைச் சதைப்பக்கத்தோடு சதைப்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம். ஒற்றைத் தோலைவிட அது மடங்குவது குறைவு, கத்திக்கு நல்லதே.

தையலில் வழக்கமாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: தைக்க வேண்டிய நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் எடு என்று. பர்சுக்கும் பெல்ட்டுக்கும் அது சரி. உறைக்கு அந்தக் கணக்கில் எடுத்தால் முக்கால் வழியில் நூல் தீர்ந்துவிடும். காரணம் எளிது. சுவர், நடுவார், சுவர் என்று மூன்று மூன்றாக ஒன்பது மில்லிமீட்டர் கனம். துளைக்குத் துளை ஐந்து மில்லிமீட்டர். குதிரைச் சேணம் தைக்கிறவர்களின் இரட்டை ஊசித் தையலில் ஒவ்வொரு துளையிலும் நூல் இரண்டு முறை கடந்தாக வேண்டும், அதற்கு 18. மேலும் கீழும் ஐந்து ஐந்தாகப் 10. ஐந்து மில்லிமீட்டர் முன்னேற 28 மில்லிமீட்டர் நூல், அதாவது ஐந்தரை மடங்குக்கும் மேல். 15 சென்டிமீட்டர் தையலுக்கு 84 சென்டிமீட்டர். கையில் பிடித்து இழுக்க இரண்டு பக்கமும் மிச்சம் வேண்டும் என்பதால் ஒன்றேகால் மீட்டர் எடுத்தால் நிம்மதி. நூலைத் தேன்மெழுகில் நான்கைந்து தடவை இழுத்துக்கொள்ளுங்கள். மெழுகு துளைக்குள் நூலைப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தையும் தடுக்கும்.

இரட்டை ஊசித் தையலை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் அழகு அல்ல. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் கொக்கி விட்டுப்போய்ப் பக்கத்துத் தையலும் தளரும். இரட்டை ஊசியில் ஒரே நூலின் இரண்டு நுனிகள் ஒவ்வொரு துளையிலும் ஒன்றையொன்று கடந்து எதிர்ப்பக்கம் போகின்றன. ஒரு தையல் அறுந்தாலும் அதன் ஜோடி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூர்மையான பொருளை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிற தையலில் ஒன்றிரண்டு அறுபடும் என்று எதிர்பார்த்துத்தான் செய்ய வேண்டும். தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை வளையமாக இழுத்து, மேல்நூலை அதற்குள் விட்டு இறுக்குவதும் கொக்கித் தையல்தான். ஆனால் மெழுகேற்றிய தடித்த நூலும், ஒவ்வொரு இழுப்பையும் கை உணர்ந்து இறுக்குவதும் அதை இயந்திரத் தையலைவிடப் பல படி உயர்த்திவிடுகின்றன. கை வராதவர்கள் உறையை ஒட்டி, நடுவாரைப் பொருத்தி, அவரிடம் கொண்டுபோய்த் தைத்து வாங்கலாம். கனத்த தோலில் அத்தனை துளையையும் ஒரே சாய்வில் போடும் அந்தக் கையை வீட்டில் இருந்து பழகுகிறவர்கள் எட்டுவதற்கு வெகுகாலம் ஆகும். தோலைத் தொட்டதற்காகவே இந்தச் சமூகம் ஒதுக்கி வைத்தவர்களின் அறிவு அது. இன்று அதே வேலையைக் கைவினை என்று பாராட்டி ஆசையாகக் கற்றுக்கொள்கிறவர்கள், யாரிடமிருந்து வந்தது என்பதை மறக்காமல் அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.

துளை போடுவதில்தான் கருவிகள் வெகுவாக மாறியிருக்கின்றன. ஒரு காலத்தில் குத்தூசி ஒன்றுதான். இப்போது சீப்புப் பல் போன்ற பஞ்சுகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு சுத்தியலடியில் நான்கு துளை. இரண்டு மில்லிமீட்டர் தோலுக்கு அருமையான கருவி. ஒன்பது மில்லிமீட்டரில் அது மேலே நேராக இறங்கி, கீழே வேறெங்கோ வெளிப்படும்; இழுக்கும்போது நடுவாரையும் பிய்த்துக்கொண்டு வரும். மேல் தோலில் மட்டும் பஞ்சால் அடையாளம் போட்டுவிட்டு, மீதியைக் குத்தூசியிடம் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். பஞ்சு இல்லாவிட்டால் சாப்பிடும் முள்கரண்டியை விளிம்போரமாக அழுத்திக்கொண்டு போங்கள். அதன் பற்கள் சமமான புள்ளிகளைக் கொடுக்கும். குத்தூசியின் முனை வட்டமாக இருக்கக் கூடாது, சாய்சதுரமாகத் தீட்டியிருக்க வேண்டும். வட்ட முனை நாரை விலக்கித்தான் தள்ளும், உருவியதும் துளை பாதி மூடிக்கொள்ளும். சாய்சதுர முனை ஒரு சிறு பிளவைப் போடும். ஊசி போய்வந்தபின் அந்தப் பிளவு நூலைக் கவ்விக்கொள்ளும். குத்தும்போது பின்னால் ஒரு கார்க்கை வைத்துக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை அசைக்காமல் உடம்பால் தள்ள வேண்டும். மணிக்கட்டு ஆடினால் பின்பக்கத் துளைகள் எறும்பு வரிசை கலைந்ததுபோல் இருக்கும். அதைவிட மோசம், துளை உள்பக்கம் சாய்ந்துவிட்டால் நூல் நடுவாரின் விளிம்புக்கு அருகே போய்விடும். ஐந்து மில்லிமீட்டர் பாதுகாப்பு என்று எண்ணியிருந்தது இரண்டாகக் குறைந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஒட்டுப்பசை இவ்வளவு நன்றாக வந்துவிட்டபின் எதற்குத் தையல், ரிவெட்டை வரிசையாக அடித்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. சொலூஷன் போட்டு ஒட்டுவது தேவைதான். தைக்கும்போது மூன்று ஏடுகளும் நகராமல் இருக்க அதுதான் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பசை தோலின் மேல்நாரை மட்டுமே பிடிக்கிறது. ஈரமும் எண்ணெயும் வியர்வையும் படப்பட அந்த மேல்நார் உரிந்துவரும். பசை அப்படியே இருக்க, தோல் அதை விட்டுப் போய்விடும். ரிவெட் ஒவ்வொன்றும் வலுவானதுதான். இரண்டு ரிவெட்டுக்கு நடுவே இருக்கும் இரண்டு சென்டிமீட்டரில் சுவர் வாய் திறந்தால் கத்தி முனைக்கு அது போதும். தையல் விசையை ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தப் பங்கீட்டுக்கு மாற்று கிடையாது.

நனைத்து வடிவம் பிடிப்பது எனக்கு இந்த வேலையிலேயே மிகுந்த மகிழ்ச்சி தருவது. தைத்து முடித்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்துங்கள். நாருக்குள் இருந்த காற்று குமிழ் குமிழாக வரும். குமிழ் அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். உடனே அழுத்தக் கூடாது. மேலே மினுங்கும் ஈரம் உள்ளே இறங்கி, தோலின் நிறம் பழையபடி திரும்பி வரும். தொட்டால் மட்டும் சில்லென்று இருக்கும். அதுதான் பதம். கத்திக்கு எண்ணெய் தடவி, சமையலறையில் மூடப் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக்கை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகி, மரக்கரண்டியின் காம்பால் பிடியின் கழுத்தைச் சுற்றி அழுத்திக்கொண்டு வாருங்கள். தோல் களிமண்போலக் கேட்கும். கத்தி முழுவதையும் அச்சாகப் பதிக்க வேண்டியதில்லை. கழுத்தில் அந்த ஒரு பள்ளம் சரியாக விழுந்தால் கத்தியைச் செருகும்போது கடைசியில் ஒரு சிறு பிடிப்பு கிடைக்கும். அந்தப் பிடிப்புதான் கூர் தன் இடத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பிறகு நிழலில் ஒரு நாள். வெயிலில் வைத்தாலோ, அடுப்பருகே வைத்தாலோ, ஈரமாக இருக்கும் தோல் சுருங்கி அப்பளம்போல் நொறுங்கத் தொடங்கும். கொதிநீர்ச் சோதனையில் சுருண்டுபோன அதே தோல்தான் இது என்பதை மறக்கக் கூடாது.

காய்ந்தபின் எண்ணெயில் முக்கி எடுக்கிறவர்கள் அத்தனை உழைப்பையும் ஒரே இரவில் வீணாக்குகிறார்கள். எண்ணெய் நாருக்கு நடுவே புகுந்து அவற்றை வழுக்க வைக்கிறது. தோல் மிருதுவாவது அப்படித்தான். உறைக்கு மிருதுத்தன்மை வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் ஒரு கை எண்ணெய், அதன்மேல் உருக்கிய தேன்மெழுகைத் துணியால் தேய்த்து ஒரு பூச்சு, போதும். விளிம்பை உப்புத்தாளால் சமப்படுத்தி, தண்ணீர் தொட்டு வழவழப்பான மரத்தால் சூடேறத் தேய்த்தால் மூன்று ஏடும் ஒன்றுபோலாகி மினுங்கும். அடிமுனையில் ஒரு சிறு துளை விட மறக்காதீர்கள். உள்ளே போகிற தண்ணீர் வெளியேற அந்த வழி வேண்டும்.

தோல் உறையில் வைத்தால் கத்தி துருப்பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் சொல்வது முழு உண்மை. மரப்பட்டைத் தோலில் அமிலத்தன்மை உண்டு, ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோரக் காற்றில் கரிம எஃகுக் கத்தியை மாதக்கணக்கில் உறைக்குள் போட்டு வைத்தால் அலகில் புள்ளி விழும், பித்தளை பச்சை பிடிக்கும். உறை கத்தியைச் சுமந்துகொண்டு போவதற்கு. சேமித்து வைப்பதற்கு அல்ல. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, வெளியே வைத்துவிட வேண்டும். கைடெக்ஸ் போன்ற பிளாஸ்டிக் தகடுகளில் செய்யும் உறைக்கு இந்தக் குறை இல்லை. படகிலும் மீன் வெட்டும் இடத்திலும், எப்போதும் நனைந்துகொண்டே இருக்கும் வேலைகளிலும் அதுதான் சரி. அங்கே நான் தோலுக்காக வாதாட மாட்டேன். ஆனால் அதற்குச் சூடும் அழுத்தும் அச்சும் வேண்டும். உள்ளே புகுந்த மணல் வெளியேறாமல் அலகில் கோடு போடும். ஒருமுறை விரிசல் விட்டால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

தோல் உறையைப் பிரிக்கலாம். நெடுநாள் உழைத்த உறையின் தையலை முனையிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்து, பசையை விலக்கித் திறந்தால் நடுவாரின் உள்விளிம்பு தெரியும். வாயருகே ஆழமாக, நடுவில் இலேசாக, முனைக்குப் பக்கத்தில் மறுபடி ஆழமாகக் கோடுகள் விழுந்திருக்கும். எவ்வளவு வேகமாகச் செருகினார்கள், எந்தப் பக்கம் சாய்த்துச் செருகினார்கள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது. கோடு ஒரு பக்கமாகவே ஒதுங்கியிருந்தால் கழுத்துப் பள்ளம் சரியாக விழவில்லை என்று பொருள். மறுபடி நனைத்துத் திருத்த வேண்டும். அறுந்த ஆழம் துளை வரிசைக்கு இரண்டு மில்லிமீட்டர் வரை வந்துவிட்டால் அந்த வாரின் காலம் முடிந்தது. சுவர்கள் பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். பழைய வாரை அச்சாக வைத்துப் புதிய வார் வெட்டி, வாயருகே காயம் அதிகம் கண்ட இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்டி, பழைய துளைகளிலேயே குத்தூசியை நேராக விட்டு, மெழுகேற்றிய நூலை மறுபடி கோக்க வேண்டியதுதான்.